நான்கு வயதில் பத்துச் சொல்: முதலில் காதைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. பத்துச் சொற்களுக்கு மேல் பேசவில்லை. எல்கேஜி டீச்சர் சிறப்புப் பள்ளியில் சேர்க்கச் சொல்கிறார். மாமியாரோ, "என் மகனும் அஞ்சு வயசுலதான் பேசினான், தானா வரும்" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்கு இரண்டையும் தள்ளி வையுங்கள். இரண்டு வயதை எட்டும்போது பெரும்பாலான குழந்தைகள் "அம்மா வா", "பால் தா" என்று சொற்களைச் சேர்த்துப் பேசுவார்கள். எனவே காத்திருப்பது தவறு. காரணம் தெரியாமல் பள்ளியை மாற்றுவதும் வீண்.

முதலில் காது. "கைதட்டினால் திரும்புகிறாளே" என்பீர்கள். கைதட்டலும் குக்கர் விசிலும் உரத்த சத்தங்கள். ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகள் மட்டும் கேட்காத குழந்தையும் அவற்றுக்குத் திரும்பும். ஆனால் நம் பேச்சு அதற்கு அரைகுறையாகத்தான் போய்ச் சேரும். சளியால் நடுக்காதில் நீர் கோத்திருந்தாலும் இப்படி ஆகலாம். ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனையைக் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம்.

காதில் குறையில்லை என்றால் ஆட்டிசமா, அறிவுசார் குறைபாடா, பேச்சில் மட்டும் தாமதமா என்று பார்ப்பார்கள். பெயர் சொன்னால் திரும்புகிறாளா, வேண்டியதை விரலால் சுட்டுகிறாளா, முன்பு பேசிய சொல் ஏதாவது மறைந்துவிட்டதா என்று எழுதி எடுத்துப் போங்கள். இதற்கென்றே மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் டிஇஐசி (DEIC) என்ற, குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையம் இருக்கிறது. முக்கியமாக ஆறு வயது வரையுள்ள குழந்தைகளை அங்கே பார்க்கிறார்கள்.

பயிற்சியை மட்டும் குறைபாட்டின் பெயர் முடிவாகும்வரை தள்ளிப்போடாதீர்கள். சிறப்புக் கல்வி என்பது தனிக் கட்டடம் இல்லை. குழந்தைக்கு இன்று என்ன முடிகிறது என்று பார்த்து, அடுத்த சிறு படியைத் தீர்மானித்து, அதைத் திரும்பத் திரும்பப் பழக்குவதுதான் அது. தாகம் எடுத்தால் மகள் உங்கள் கையைப் பிடித்து இழுக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படி, டம்ளரைச் சுட்டுவது. அடுத்தது "தா" என்பது. அப்புறம் "தண்ணி தா". கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்துவிட்டால் அவளுக்குக் கேட்கும் தேவையே வராது; சில நொடி பொறுங்கள். பிடிவாதமாகக் காக்க வைத்து அழ விடவும் வேண்டாம். இந்தப் படிகளை எழுத்தில் வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை சரிபார்ப்பதற்குத் தனிநபர் கல்வித் திட்டம் என்று பெயர். டீச்சரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். வீட்டில் ஒரு விதம், வகுப்பில் வேறு விதம் என்றால் குழந்தை குழம்பிப்போகும்.

பள்ளி விஷயத்தில் அவசரம் வேண்டாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகள் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்ள வேண்டும். 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைகள் 6 முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கலாம். எது வேண்டும் என்பது உங்கள் விருப்பம். சைகை மொழி தேவைப்படும் பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளி பெரும் துணையாக இருக்கலாம். உங்கள் மகளுக்கு எது பொருந்தும் என்று பரிசோதனை முடிந்த பிறகு பேசலாம்.

தனியார் பயிற்சி மையத்துக்குப் போவதானால், சிறப்பாசிரியரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். "மூன்றே மாதத்தில் பேச வைக்கிறோம்" என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்.