பல வருட இடைவெளிக்குப் பிறகு வேலை தேடுகிறேன். நேர்காணலில் அதை எப்படி விளக்குவது? ஃப்ரீலான்ஸ் செய்ததாகப் போட்டுக்கொள்ளலாமா?

ஃப்ரீலான்ஸ் என்று போடாதீர்கள். நீதி நேர்மை பேச வரவில்லை, மாட்டிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன். "யாருக்குச் செய்தீர்கள், என்ன வேலை, அவர்களில் ஒருவரிடம் பேசலாமா?" இவ்வளவுதான் கேட்பார்கள், குட்டு உடைந்துவிடும். அதைத் தாண்டி வேலை கிடைத்துவிட்டாலும் பின்னணிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் பிடிபட்டால் இடைவெளிக்காக யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள், பொய்க்காக அனுப்புவார்கள். நிஜமாகவே சின்னச் சின்ன வேலை செய்து காசு வாங்கியிருந்தால் அது வேறு. தாராளமாகப் போடுங்கள்.

நீங்கள் காரணத்தைச் சொல்லவில்லை. குழந்தை, உடம்பு சரியில்லாதது, வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொண்டது, வேலையே கிடைக்காதது, இவற்றில் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். என்னுடையது மூன்றாவது. அப்பாவுக்குப் பார்க்கின்சன். நான் கணக்குத் துறை. 2016இல் வேலையை விட்டேன், அவர் போன பிறகு 2022இல்தான் திரும்பினேன்.

ஆண்பிள்ளை ஒருவன் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டான் என்றால் நேர்காணலில் முதலில் நம்பமாட்டார்கள். வேறு ஏதோ தகராறில் வெளியே வந்திருப்பான், இது சாக்கு என்று முகத்திலேயே தெரியும். ஓர் இடத்தில் "வீட்டில் பெண்கள் யாரும் இல்லையா?" என்று வாய்விட்டே கேட்டார்கள். பெண்களுக்கு இதைவிட மோசம் என்று சொல்ல யாராவது வருவீர்கள். தெரியும். "அடுத்த குழந்தை எப்போது?" என்று அவர்களிடம் கேட்பதும் தெரியும். நான் போட்டிக்கு வரவில்லை, எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

"ஆள் வைத்திருக்கலாமே" என்பது இன்னொன்று. பார்க்கின்சன் நோயாளியோடு ஒரு வாரம் இருந்து பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். லெவோடோபா மாத்திரை நேரம் தவறக் கூடாது. சாப்பாட்டில் புரதம் அதிகமானால் மருந்து சரியாக ஏறாது என்பதால் சாப்பாட்டு நேரத்தையும் மாத்திரை நேரத்தையும் பிரித்து வைக்க வேண்டும். நன்றாக நடந்து வருபவர் வாசற்படி வந்ததும் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடுவார். அவசரப்படுத்தினால் விழுவார். இரவில் புரண்டு படுக்கக்கூட ஒரு கை வேண்டும்.

ஆனால் இதையெல்லாம் நேர்காணலில் சொல்லாதீர்கள். நான் சொல்லவில்லை. அங்கே நான் சொன்னது இரண்டே வாக்கியம்: "அப்பாவின் நோய் காரணமாக 2016 முதல் முழுநேரமும் அவரைப் பார்த்துக்கொண்டேன். அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, முழுநேர வேலைக்குத் தயாராக இருக்கிறேன்." அப்புறம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த அமைதி சங்கடமாக இருக்கும். அதை நிரப்பத்தான் பலரும் மன்னிப்புக் கேட்கிற குரலில் கதையை நீட்டுகிறார்கள்.

எதிரே இருப்பவருக்கு உங்கள் கதையில் அக்கறை கிடையாது. (இருந்தால் நல்லவர், ஆனால் அதை நம்பிப் போகாதீர்கள்.) அவருக்கு இரண்டு பயம்: மறுபடி விட்டுவிட்டுப் போவானா? வேலை மறந்துபோயிருக்குமா? முதலாவதற்கு, "முடிந்துவிட்டது" என்ற ஒரு சொல் போதும். முடியவில்லை என்றால் இப்போது என்ன ஏற்பாடு என்று ஒரு வரி சொல்லுங்கள். மீதி நேரமெல்லாம் இரண்டாவதற்குத்தான்.

எனக்கு வேலை கிடைத்த நேர்காணலில் நடந்தது இதுதான். நிதித் தலைவர் என் ரெஸ்யூமேயைப் புரட்டிவிட்டு, "ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்தபோது நீங்கள் வேலையிலேயே இல்லையே?" என்றார். குத்தலாகத்தான் கேட்டார். அந்தக் குத்தகைக் கணக்கு விதி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது, நான் விலகிய பிறகு. இதைத்தான் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் துறையில் நான் இல்லாதபோது மாறியது எது என்று ஒரு பட்டியல் போட்டு, ஒவ்வொன்றாக உட்கார்ந்து படித்திருந்தேன். முன்பெல்லாம் வாடகைக் கட்டடத்துக்கு மாதாமாதம் வாடகைச் செலவு என்று எழுதிவிட்டுப் போவோம். இப்போது அந்தக் கட்டடத்தைப் பயன்படுத்தும் உரிமை ஒரு சொத்தாகவும், கட்ட வேண்டிய தொகை ஒரு கடனாகவும் இருப்புநிலைக் குறிப்பில் ஏற வேண்டும். 12 மாதத்துக்கு உட்பட்ட குத்தகைக்கும் மதிப்புக் குறைந்த பொருள்களுக்கும் விலக்கு உண்டு. வாடகைச் செலவு போய், தேய்மானமும் வட்டியுமாகப் பிரிவதால் எபிட்டா, அதாவது வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம், கூடிக் காட்டும். "கம்பெனி ஒரு பைசாகூட அதிகம் சம்பாதிக்காமலே" என்று சேர்த்துச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். அங்கிருந்து பேச்சு அவர்கள் கிளைகளின் குத்தகைக்குப் போய்விட்டது. அப்பாவைப் பற்றி அதன்பின் யாரும் கேட்கவில்லை.

உங்கள் துறை எதுவோ அதில் இப்படி இரண்டு மூன்று இருக்கும். அதைப் பிடியுங்கள்.

இதற்கு நடுவில் ஓர் ஆலோசகர், பணம் வாங்கிக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக்கொண்டதைத் திட்ட மேலாண்மை, நெருக்கடி மேலாண்மை என்று ரெஸ்யூமேயில் எழுதச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. அப்பா ஒரு ப்ராஜெக்ட் இல்லை. அதோடு, நானே ஆள் எடுக்கும் இடத்தில் இருந்தவன், அப்படி எழுதிய விண்ணப்பத்தைப் பார்த்தால் நம்பியிருக்கமாட்டேன். "2016–2022: குடும்பப் பராமரிப்பு, முழுநேரம்" என்று ஒரே வரி போட்டேன். லிங்க்ட்இன்கூட 2022இல் பணி இடைவெளியைக் காட்டத் தனிப் பகுதி கொண்டுவந்துவிட்டது. மறைக்கிற காலம் இல்லை இது.

ஆனால் விண்ணப்பத்தை ஒரு மனிதர் படிப்பதற்கு முன்பே வெட்டிவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. 2021இல் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலும் அக்சென்ச்சரும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையில், ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் ஏறக்குறையப் பாதி நிறுவனங்கள் விண்ணப்பத்தை வடிகட்டிவிடுவதாக வந்தது. பிரிட்டனில் 9,000க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களை அனுப்பிச் சோதித்த ஆய்வு ஒன்றும் உண்டு. ஒவ்வொரு வேலைக்கும் தொடக்க, முடிவுத் தேதிகளைப் போடாமல் "4 வருடம்" என்று அனுபவத்தை மட்டும் எழுதியவற்றுக்கு அழைப்பு கூடுதலாக வந்ததாம். ரெஸ்யூமேயில் அப்படி எழுதுவது பொய் ஆகாது. படிவத்தில் தேதி கேட்டால் மட்டும் உள்ளதைப் போடுங்கள். என்னைக் கேட்டால் இணையப் படிவத்தை நம்புவதைவிடப் பழைய மேலாளர், கூட வேலை பார்த்தவர்கள் என்று ஆள் மூலமாகப் போவது மேல். எனக்கு அப்படித்தான் கதவு திறந்தது. பெரிய நிறுவனங்களில் ரிட்டர்ன்ஷிப் என்று இடைவெளிக்காரர்களுக்கென்றே திட்டங்கள் இருக்கின்றன. அமெரிக்க முதலீட்டு வங்கியான கோல்ட்மேன் சாக்ஸ் 2008இலேயே தொடங்கியது. அதையும் பாருங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஓர் அண்ணன் இருக்கிறார். அத்தனை வருடமும் ஃபோனில் "நல்ல டாக்டரிடம் காட்டினாயா, நடக்க வைக்கிறாயா" என்று விசாரணை நடத்தினார். நான் வேலை தேடியபோது, "இவ்வளவு காலம் சும்மா இருந்தவனுக்கு யார் கொடுப்பார்கள்" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். எந்த நேர்காணலிலும் யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை. அவர் இதைப் படித்தால் படிக்கட்டும்.

கடைசியாகச் சம்பளம். நான் விட்டுவந்த பதவியைவிட ஒரு படி கீழேதான் சேர்ந்தேன். அடிமாட்டு விலைக்குப் போய்விட்டான் என்று யாராவது எழுதுவீர்கள், எழுதுங்கள். கையில் இருந்த பணம் எனக்குத்தான் தெரியும். ஆனால் ஆறு மாதத்தில் பதவியையும் சம்பளத்தையும் மறுபரிசீலனை செய்வார்கள் என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை, நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். மனிதவள அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை, இருந்தாலும் எழுதிக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அவர்கள் மறந்துவிட்டார்கள். கடிதத்தை இணைத்து ஒரு மின்னஞ்சல் போட்டேன், இரண்டும் தாமதமாக வந்தன.