வீட்டுக்கு வரும் நர்ஸிடம் அழுததைச் சொல்லலாமா?

பிரசவமாகி ஆறாவது வாரத்தில், குழந்தையைப் பற்றிய பயங்களையும் நீங்கள் தூக்கமில்லாமல் அழுவதையும் கடிதத்தில் எழுதி, அழுததை வீட்டுக்கு வரும் நர்ஸிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் குழந்தை: விக்கல், தும்மல், தோல் உரிவது, பால் கக்குவது எதற்கும் பயப்பட வேண்டாம். குழந்தை நன்றாகக் குடிக்கிறது, எடை ஏறுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அது போதும். ராத்திரி மூன்று மணிக்கு இணையத்தில் தேடுவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், அது உங்களைத்தான் தின்கிறது.

கடிதத்தின் கடைசி வரிதான் எனக்கு முக்கியம். நர்ஸ் இரண்டு முறை வந்தபோதும் அவசரமாக முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள், உண்மையைச் சொன்னால் பிள்ளை வளர்க்கத் தெரியாதவள் என்று எழுதிவிடுவாரோ என்ற பயத்தில். அவர் எடை மெஷினைக் கொண்டு வருவது குழந்தைக்காக, உங்களிடம் பேச்சுக் கொடுப்பது உங்களுக்காக. ஆஸ்பத்திரியில் ஐந்து நிமிஷத்தில் எங்கள் கண்ணில் படாதது வீட்டில் அவர் கண்ணில் படும், அதற்காகத்தான் வீடு தேடி வருகிறார்.

பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமே இல்லாமல் அழுகை வருவது நிறைய பேருக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு இது ஆறாவது வாரம். குழந்தை எழுப்பித் தூக்கம் கெடுவது வேறு, குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் அதன் நெஞ்சில் கை வைத்தபடி நீங்கள் விழித்துக் கிடப்பது வேறு. இதைத்தான் கவனிக்காமல் விடக்கூடாது. இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க 1987-இல் வந்த எடின்பரோ கேள்வித்தாளே இருக்கிறது, மொத்தம் 10 கேள்விதான். தூக்கமும் அழுகையும் அதில் உண்டு, கடைசிக் கேள்வி தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. அந்த எண்ணமோ, குழந்தையை ஏதாவது செய்துவிடலாம் என்ற நினைப்போ, யாரும் இல்லாதபோது குரல் கேட்பதோ இருந்தால் நர்ஸுக்காகக் காத்திருக்கக் கூடாது, அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தனியாக இருக்கவே கூடாது.

அப்புறம், யாரோ கொடுத்த தூக்க மாத்திரை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தொடாதீர்கள். பால் கொடுக்கிறீர்கள், குழந்தையைப் பக்கத்திலேயே போட்டுப் படுக்கிறீர்கள், மருந்து மயக்கத்தில் அதன் மேல் சாய்ந்தால்கூடத் தெரியாது. மனச்சோர்வு என்றால் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகள் இருக்கின்றன, எது, எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

அடுத்த வருகை வரை தள்ளிப்போட வேண்டாம், நாளைக் காலையே அந்த நர்ஸுக்குப் போன் செய்யுங்கள். "குழந்தை தூங்கும்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை" என்று ஆரம்பியுங்கள், மீதியை அவர் கேட்டுக்கொள்வார்.