கூடூரில் நின்ற வண்டி

அன்புள்ள ஐயா,

நாங்கள் நால்வர். திருவொற்றியூரில் ஒரே தெருவில் வளர்ந்தவர்கள், ஐம்பதை நெருங்குகிறோம். விசாகப்பட்டினம் வரை காரில் போய்வர ஆறு மாதமாக வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டுக்கொண்டே இருக்கிறோம். “சாயங்காலம் ரயில் ஏறினா காலையில இறங்கிடலாம். 800 கிலோமீட்டர் எதுக்கு முதுகொடிய உட்கார்ந்து போகணும்?” என்கிறார் மனைவி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்படி என்னதான் இருக்கிறது அதில்?

உங்கள் வாசகன்,
திருவொற்றியூர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மனைவி சொல்வது சரி. முதுகு விஷயத்தில் ரொம்பவே சரி. விசாகப்பட்டினத்தைப் பார்ப்பதுதான் நோக்கமென்றால் ரயிலே போதும்.

சென்னையில் ‘லாங் டிரைவ்’ என்றாலே மகாபலிபுரம் போகும் ஈ.சி.ஆர். என்றாகிவிட்டது. நம்ம பக்கத்து ஆட்களுக்கு ரோடு வடக்கே போவது. ஜி.என்.டி. ரோடு பிடித்து செங்குன்றம், காரனோடை, கும்மிடிப்பூண்டி தாண்டினால் ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிகிறது. அதே ரோடுதான் 16-ஆம் எண் நெடுஞ்சாலையாகக் கொல்கத்தா வரை ஓடுகிறது. (பழைய ஆட்களுக்கு அது இன்னமும் என்.எச். 5. எனக்கும்தான்.)

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் நாங்களும் நாலு பேர் ராஜமுந்திரிக்குக் கிளம்பினோம். எல்லோரும் தண்டையார்பேட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். அதில் ஒருவனுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் ‘கம்மு’. லேத் பட்டறை வைத்திருக்கிறான். எதைக் கேட்டாலும் கம்முனு இருப்பான்.

ஆந்திராவில் கூடூர் தாண்டுமுன் ரேடியேட்டர் கொதித்து வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். மெக்கானிக்கிடம் கைஜாடையும் அரைகுறை இந்தியுமாக நான் தவித்துக்கொண்டிருந்தபோது, பின்சீட்டிலிருந்து கம்மு இறங்கி வந்து “அன்னா” என்று ஆரம்பித்தான். அப்புறம் அவன் வாய் மூடவே இல்லை. கூலி பேசினான், ஊர் விசாரித்தான், ஏதோ ஜோக் சொன்னான்; பட்டறையே சிரித்தது. புரியாமல் நாங்களும் சிரித்தோம். யாரோ வீட்டிலிருந்து சொம்பில் மோர் வந்தது.

அவன் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. பள்ளியில் அவன் அம்மா “ஒரேய், ரா ரா” (டேய், வாடா) என்று கூப்பிட்டதை ஒரு வருஷம் முழுக்க நடித்துக் காட்டினோம். அதில் நன்றாக நடித்தவன் நான். அதற்குப் பிறகு அவன் எங்கள் முன் தெலுங்கு பேசி நாங்கள் கேட்டதில்லை. தமிழிலும்தான் அவன் அதிகம் பேசவில்லை என்பது அன்றைக்கு, மோர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

மகாபலிபுரம் வரை எத்தனையோ தடவை சேர்ந்து போயிருக்கிறோம். இது நடக்கவில்லை. நடக்க வழியும் இல்லை.

மிச்சமெல்லாம் வழக்கமான கூத்து. நெல்லூரில் சேப்பல புலுசு என்கிற மீன் குழம்பு சாப்பிட்ட எங்கள் காசிமேட்டுக்காரன், மாங்காய் போடுவதை அவர்கள் நம்மிடம்தான் கற்றுக்கொண்டார்கள் என்று ஓங்கோல் வரை வாதாடினான். விஜயவாடாவில் கிருஷ்ணா. ஸ்ரீசைலத்தில் பிரிந்து, கண்டலேறு வழியாகப் பூண்டிக்கும் அங்கிருந்து புழலுக்கும் வருவது இந்த ஆற்றுத் தண்ணீர்தான் என்றான் கம்மு. லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை போட்டு வளர்ந்த எங்களுக்கு, அவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

போகுமுன் இரண்டு விஷயம். எண்ணூர், மணலி பக்கம் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்காமல் மாதவரம் வழியாக வெளியேறுங்கள். ராத்திரி ஓட்டாதீர்கள், ரூம் போட்டுத் தூங்குங்கள். உங்கள் மனைவியை அதே விசாகப்பட்டினத்துக்கு ரயிலில் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

திரும்பி வரும்போது, காரனோடைப் பாலம் தாண்டியதும் கம்மு மறுபடி கம்மென்று ஆகிவிட்டான். இப்போது எங்கே பார்த்தாலும் நான்தான் “பாகுன்னாவா ரா” என்று நலம் விசாரித்து ஆரம்பிக்கிறேன். “அப்படி இழுக்காதடா, கேவலமா இருக்கு” என்று திருத்துகிறான்.