எர்த் கிளிப்பை எங்கே மாட்டுவது? ஸ்கோப் சந்தேகங்களுக்குப் பதில்

கேள்வி: சார், இண்டக்‌ஷன் அடுப்பு போர்டில் ஐஜிபிடியின் (காயிலுக்குக் கரன்ட்டை விட்டு விட்டுத் தரும் பவர் டிரான்சிஸ்டர்) கேட் காலுக்கு வரும் பல்ஸை ஸ்கோப்பில் (ஆசிலோஸ்கோப், வோல்டேஜ் அலையைத் திரையில் வரைந்து காட்டும் கருவி) பார்க்க வேண்டும். ஸ்கோப் ப்ராப்பின் (அளக்கும் ஒயர்) எர்த் கிளிப்பைப் பெரிய கெபாசிட்டரின் நெகட்டிவில் மாட்டலாமா? மல்டிமீட்டரின் கறுப்பு ஒயரை அங்கேதானே வைக்கிறோம்?

பதில்: மாட்டாதீர்கள். மல்டிமீட்டர் பேட்டரியில் ஓடுகிறது; அதன் கறுப்பு ஒயருக்கு எங்கும் சொந்தமில்லை. மேஜை ஸ்கோப்பின் கிளிப்போ பிஎன்சி (ப்ராப் செருகும் சாக்கெட்) உலோகம், சேஸிஸ் வழியாக நேரே மூன்று பின் பிளக்கின் எர்த்துக்குப் போகிறது. சந்தேகமிருந்தால் பிளக்கைக் கழற்றிவிட்டு, கிளிப்புக்கும் எர்த் பின்னுக்கும் கன்டினியூட்டி பாருங்கள், பீப் அடிக்கும்.

கெபாசிட்டரின் அந்த முனை பெயருக்குத்தான் நெகட்டிவ். பேஸ் (மெயின்ஸின் லைவ் ஒயர்) நெகட்டிவாகப் போகும் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் பிரிட்ஜில் (ஏசியை டிசியாக்கும் நான்கு டயோடு) ஒரு டயோடு அந்த முனையைப் பேஸோடு சேர்த்துவிடும். எர்த்திலிருந்து அளந்தால் மைனஸ் 325 வோல்ட் வரை இறங்கும் (230ஐ 1.414ஆல் பெருக்கிப் பாருங்கள்). அங்கே கிளிப்பை மாட்டினால் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் இருப்பது அந்த ஒற்றை டயோடுதான். தொழிலுக்கு வந்த புதிதில் நானும் மாட்டினேன். ‘டப்’ என்று ஒரே சத்தம். பிரிட்ஜ் வெடித்தது, கிளிப்பின் பல் உருகிப் போர்டிலேயே ஒட்டிக்கொண்டது.

கேள்வி: எங்கள் கடையில் ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டிவிட்டார்கள். இப்போது வெடிப்பதில்லை, அண்ணா.

பதில்: போர்டு தப்பித்தது, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள். இனி கிளிப் எங்கே மாட்டியிருக்கிறதோ அந்த வோல்டேஜ்தான் ஸ்கோப்பின் உடம்பு முழுக்க. பிஎன்சி நட்டைத் தொட்டால் போதும். எர்த் பின்னோடு புது பவர் ஒயர் வாங்கிப் போடுங்கள், தம்பி.

கேள்வி: போர்டுக்குப் போகும் லைனில் சீரிஸ் பல்பு போட்டிருக்கிறேனே?

பதில்: அது கரன்ட்டைத்தான் கட்டுப்படுத்தும், போர்டை மெயின்ஸிலிருந்து பிரித்து வைக்காது. வேரியாக்கும் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) அப்படித்தான், உள்ளே இரண்டு பக்கத்துக்கும் ஒரே காயில்.

கேள்வி: ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மரை (மெயின்ஸிலிருந்து பிரித்துத் தருவது) ஸ்கோப்புக்குப் போடுவதா, போர்டுக்கா?

பதில்: போர்டுக்கு. ஸ்கோப்பை எர்த்திலேயே விடுங்கள். 230க்கு 230 டிரான்ஸ்ஃபார்மரில் செகண்டரியின் (வெளியே தரும் காயிலின்) எந்த முனையும் எர்த்தில் சேரக்கூடாது. கேட் பல்ஸ் பார்க்க 500 விஏ போதும், சீரிஸ் பல்பும் இருக்கட்டும். முழுச் சூட்டில் 2000 வாட் ஓட்ட அது தாங்காது.

ஆனால் ஒன்று. இப்போது கெபாசிட்டரின் நெகட்டிவில் கிளிப்பை மாட்டியதும் அந்த முனை எர்த் ஆகிவிடுகிறது. கெபாசிட்டரின் பாசிட்டிவ் முனை எர்த்துக்கு மேல் 325 வோல்ட்டில் நிற்கும். அதைத் தொட்டால் ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆகாது. அந்தக் கரன்ட் டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமே சுற்றிவிடுவதால், அதற்கு எதுவும் தெரியாது. ஒரு கையைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வசதியில்லை.

பதில்: இரண்டு ப்ராப், இரண்டும் ×10 (வோல்டேஜைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் நிலை). கிளிப்புகளைப் போர்டில் மாட்டாமல் ஒன்றோடொன்று கவ்வவிடுங்கள். ஒரு ப்ராப்பின் முனை ஐஜிபிடியின் கேட் காலில், இன்னொன்றின் முனை எமிட்டர் காலில். இரண்டு சேனலிலும் ஒரே வோல்ட் பெர் டிவிஷன் வைத்து, ஸ்கோப்பின் மேத்ஸ் வசதியில் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழியுங்கள். ப்ராப்பின் வோல்டேஜ் ரேட்டிங்கை முதலில் பாருங்கள். 300 வோல்ட்டின் மேல் ஏறி நிற்கும் 15 வோல்ட் பல்ஸ் இதில் கொஞ்சம் அழுக்காகத்தான் தெரியும். தினமும் இதே வேலை என்றால் டிஃபரன்ஷியல் ப்ராப்புக்கு (இரண்டு முனைகளின் வித்தியாசத்தை மட்டும் ஸ்கோப்புக்குத் தருவது) காசு சேருங்கள்.

கேள்வி: என்னுடையது லேப்டாப்பில் செருகும் யுஎஸ்பி ஸ்கோப். பேட்டரியில்தான் ஓட்டுகிறேன்.

பதில்: பெரும்பாலும் அதன் கிளிப்பும் யுஎஸ்பி கிரவுண்டும் ஒன்றுதான். லேப்டாப்பே ஷாக் அடிக்கும். வேண்டாம்.

கேள்வி: மொபைல் சார்ஜரின் 5 வோல்ட் பக்கம்?

பதில்: சார்ஜர் நல்லதாக இருந்தால் தாராளமாக மாட்டலாம், அது ஏற்கெனவே பிரிக்கப்பட்ட பக்கம். இண்டக்‌ஷன் அடுப்பின் 5 வோல்ட்டை அப்படி நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலான அடுப்புகளில் அதுவும் மெயின்ஸோடு சேர்ந்தே இருக்கும்.