லாராவெல் என்ற பிஎச்பி ஃபிரேம்வொர்க்கில் ஊடாடும் பக்கங்கள் எழுத உதவும் லைவ்வயரில், டெலிட் பட்டனை அட்மினுக்கு மட்டும் காட்டினால் போதுமா, சர்வரில் அழிக்கிற வேலையைச் செய்யும் மெத்தடிலும் அனுமதி பார்க்க வேண்டுமா?

கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பட்டனை மறைப்பது திரை சுத்தமாக இருப்பதற்காக மட்டும்தான்.

லாராவெல் லைவ்வயரில் நீங்கள் பப்ளிக் என்று எழுதுகிற எந்த மெத்தடையும் பிரவுசரிலிருந்து கூப்பிடலாம். அது ஒரு பட்டனோடு இணைந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. லாகின் செய்த சாதாரணப் பயனர் ஒருவர் எஃப்12 அழுத்தி, கன்சோலில் அந்தக் காம்போனென்ட்டைப் பிடித்து, டெலிட் மெத்தடை 42 என்ற எண்ணோடு கூப்பிட்டால், சர்வர் மறுபேச்சில்லாமல் 42ஆம் பதிவை அழித்துவிடும். பிளேடில் (திரையை வரையும் டெம்ப்ளேட்டில்) பட்டனை மறைக்க நீங்கள் போட்ட கேன் நிபந்தனை அங்கே எட்டிக்கூடப் பார்க்காது.

அதனால் மெத்தடுக்குள்ளேயே, பதிவை எடுத்த கையோடு, அனுமதியைச் சோதிக்கும் ஆதரைஸைக் கூப்பிடுங்கள். அழிப்பதெல்லாம் அதற்கு அப்புறம். ‘இவர் அட்மினா’ என்று கேட்பதைவிட, ‘இந்தப் பதிவை இவர் அழிக்கலாமா’ என்று பாலிசியிடம் (யார் எதைச் செய்யலாம் என்ற விதிகளை வைத்திருக்கும் கிளாஸ்) கேட்பது நல்லது. நாளைக்கு எடிட்டர் என்று புதிய பொறுப்பு வந்தாலும் பாலிசியை மட்டும் மாற்றினால் போதும். வெளியிலிருந்து கூப்பிடத் தேவையில்லாத மெத்தடுகளை, பிரவுசரிலிருந்து கூப்பிட முடியாதபடி புரொடெக்டட் ஆக்கிவிடுங்கள்.

காம்போனென்ட் தொடங்கும்போது ஓடும் மவுண்டில் ஒரு தடவை சோதித்துவிட்டோம், போதும் என்று சிலர் நினைக்கிறார்கள். மவுண்ட் ஓடுவது முதல் தடவை மட்டும்தான். அதன்பின் ஒவ்வொரு கிளிக்கும் தனி ரிக்வெஸ்ட். காலையில் அட்மினாகப் பக்கத்தைத் திறந்தவரின் பொறுப்பை மதியம் பறித்தாலும், திறந்து கிடக்கிற டேப்பிலிருந்து அவர் மாலை வரை அழித்துக்கொண்டே இருக்கலாம். ரூட்டில் போட்ட ஆத், கேன் மிடில்வேர்களை (ரிக்வெஸ்ட்டை உள்ளே விடுமுன் சோதிக்கும் அடுக்குகள்) லைவ்வயர் ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டிலும் திரும்ப ஓட்டும், சரி. ஆனால் நீங்களே எழுதிய மிடில்வேரைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் ஓட்டாது.

பப்ளிக் பிராப்பர்ட்டிகளும் இப்படித்தான். பதிவின் எண்ணை அதில் வைத்திருந்தால், பிரவுசரிலேயே அதை வேறு எண்ணாக மாற்றி அனுப்ப முடியும். 2023இல் வந்த மூன்றாம் பதிப்பில் இதைத் தடுப்பதற்காகவே லாக்ட் அட்ரிபியூட் இருக்கிறது. எண்ணுக்குப் பதில் எலோக்வென்ட் மாடலையே (பதிவைக் குறிக்கும் லாராவெல் ஆப்ஜெக்ட்) வைத்தால் அதன் ஐடியை லைவ்வயரே பூட்டிவிடும். நான் விரும்புவது இதைத்தான்.

கடைசியாக, டெஸ்ட் எழுதுங்கள். உரிமையில்லாத பயனராக லாகின் செய்து, பட்டன் பக்கமே போகாமல் மெத்தடை நேரடியாகக் கூப்பிட்டு, 403 (அனுமதி மறுப்பு) வருகிறதா, பதிவு டேட்டாபேஸில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள்.