ஆடி மழைக்கு முன்பே முடிவு செய்யுங்கள்: லயத்திலா, ஆஸ்பத்திரியிலா?

கேள்வி: எனக்கு 24 வயது. முதல் பிள்ளை, இப்போது 30 கிழமை. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் மாமியோடு இருக்கிறேன். வீட்டுக்காரர் கொழும்பில் கடையில் வேலை செய்கிறார். கிளினிக் அட்டையில் உயரம் 147 சென்டிமீற்றர், இரத்தம் 9.8 என்று எழுதியிருக்கிறது. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்று மிட்வைப் மிஸ் சொல்கிறார். மாமியும் பக்கத்து லயத்துப் பாட்டியும், "ஆஸ்பத்திரிக்குப் போனா வெட்டித்தான் எடுப்பாங்க, நாங்கெல்லாம் இந்த லயத்துலதானே பெத்தோம்" என்கிறார்கள். அந்தப் பாட்டி நிறையப் பிரசவம் பார்த்தவர். எனக்குச் சிங்களம் தெரியாது. அங்கே தனியாக விட்டுவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ஆடி மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். வீட்டிலேயே பெறலாமா? ஆஸ்பத்திரி என்றால் எப்போது புறப்படவேண்டும்?

பதில்: தங்கச்சி, வீட்டில் வேண்டாம். டிக்கோயாவுக்குப் போங்கள். அதே நேரம் உங்கள் பயத்தில் பாதி நியாயமானது. அதனால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

மாமி சொல்வது பொய்யில்லை. லயத்துக் காம்பராவில் பெற்று, நல்லபடி வளர்த்தவர்கள் ஏராளம். ஆனால் அப்படிப் பெற்றுப் பிழைத்தவர்கள்தான் இன்று நமக்குக் கதை சொல்ல இருக்கிறார்கள். 1930களில் இந்த நாட்டில் 1 இலட்சம் பிறப்புக்கு 2000க்கும் மேல் தாய்மார் இறந்தார்கள். 50 பிரசவத்துக்கு ஒரு தாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமீப காலத்தில் பெரும்பாலான ஆண்டுகளில் அந்த எண் 40க்குக் கீழே. பயிற்சி பெற்ற மருத்துவமாதுகள், இலவச ஆஸ்பத்திரி, நேரத்துக்குக் கிடைக்கிற இரத்தம், மலேரியா ஒழிந்தது என்று பல கைகள் சேர்ந்து இழுத்த தேர் அது. இன்று இலங்கையில் 100க்கு 99க்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரியில்தான் பிறக்கிறார்கள்.

நான் இளம் டாக்டராக மலைநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் இருந்தபோது, ஒரு இரவு கொழுந்து லொறியில் ஒரு தாயைக் கொண்டுவந்தார்கள். லயத்தில் சுகப்பிரசவம். பிள்ளை நன்றாக அழுதது, நச்சுக்கொடியும் முழுதாக விழுந்தது. எல்லாம் முடிந்தது என்று தேநீர் வைத்த பிறகுதான் இரத்தம் நிற்காமல் போகத் தொடங்கியிருக்கிறது. பாதையில் ஒன்றரை மணி நேரம். நாடி நூல்போல ஓடியது. கருப்பை சுருங்க ஊசி போட்டு, 4 பை இரத்தம் ஏற்றி, விடியும்போதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. அந்தத் தாய் பிழைத்தார். பிரசவம் பார்த்த அம்மா லொறியிலும் கூடவே வந்து, கம்பளியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவர் கையில் அந்த ஊசி இல்லை, அவ்வளவுதான்.

பிள்ளை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்கவேண்டும். சுருங்காவிட்டால் நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்து இரத்தம் கொட்டும். யாருக்கு இது வரும் என்று முன்கூட்டியே உறுதியாகச் சொல்ல முடியாது. இடுப்பு அகலமான, திடமான பெண்ணுக்கும் வரும். ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்த உடனேயே எல்லாத் தாய்மாருக்கும் ஒக்சிடோசின் ஊசி போடுவது இதற்காகத்தான். இரத்தம் கடுமையாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு உயிர் போய்விடலாம். உங்கள் தோட்டத்திலிருந்து கீழே இறங்கவே அதில் பாதி நேரம் போய்விடும். வீட்டில் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இந்தத் தூரம்.

இரண்டாவது காரணம் அட்டையில் உள்ள அந்த 9.8, அதாவது உங்கள் இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு. கர்ப்ப காலத்தில் 11க்குக் குறைந்தால் இரத்தச்சோகை. உங்களிடம் இருப்பே குறைவு, அதனால் மற்றவர் தாங்குகிற இழப்பை நீங்கள் தாங்கமாட்டீர்கள். இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதற்குள் இதைக் கூட்ட முடியும், மனம் வையுங்கள். கிளினிக்கில் தரும் இரும்புச்சத்துக் குளிசையைப் பிளேன்டியோடு விழுங்காதீர்கள். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டிலிருந்தும் தேநீரிலிருந்தும் இரண்டு மணி நேரமாவது தள்ளி, தேசிக்காய்த் தண்ணீரோடு குளிசையைக் குடியுங்கள். கல்சியம் குளிசையை வேறு நேரத்துக்கு மாற்றுங்கள். மலம் கறுப்பாகப் போவது குளிசையால்தான், பயப்படவேண்டாம். வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்களா என்று மிஸ்ஸிடம் கேளுங்கள். நெத்தலி, முட்டை, பருப்பு, கீரை எது கையில் கிடைத்தாலும் முதல் பங்கு உங்கள் தட்டுக்கு வரவேண்டும். எல்லாரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கத்தை இந்த மாதங்களிலாவது விடுங்கள். மாமி இதை வாசித்தால், அவரிடமும் கைகூப்பிக் கேட்கிறேன்.

உயரம் குறைவு என்றால் வெட்டித்தான் எடுப்பார்கள் என்பது சரியில்லை. தலைமுறை தலைமுறையாக அரைவயிற்றுக்கு உண்டதால் நம் தோட்டத்துப் பெண்கள் பலர் உயரம் குறைந்தவர்கள். அவர்களில் பெரும்பாலோர் சாதாரணமாகவே பெறுகிறார்கள். பிள்ளையின் தலை இடுப்பில் இறங்குமா என்பது வலி வந்த பிறகுதான் சரியாகத் தெரியும். கருப்பை வாய் எவ்வளவு திறக்கிறது, பிள்ளையின் இதயம் எப்படித் துடிக்கிறது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நகராமல் நின்றால் மட்டும் சிசேரியன். அந்த நேரத்தில் தியேட்டரும் மகப்பேற்று டாக்டரும் அதே கட்டடத்தில் இருக்கவேண்டும் என்பதால்தான் மிஸ் உங்களைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. சிசேரியனே வந்தாலும் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும்தான் மரக்கச் செய்வார்கள். பிள்ளையின் அழுகையை நீங்களே கேட்பீர்கள். அடுத்த பிள்ளையைச் சாதாரணமாகப் பெறவும் பலருக்கு முடியும்.

மிட்வைப் மிஸ்ஸைப் பற்றியும் மாமியிடம் சொல்லுங்கள். அவர் வெறும் எடை பார்த்து எழுதிப் போகிறவர் இல்லை. ஒன்றரை வருடம் படித்து, ஆஸ்பத்திரியிலும் வெளிக்களத்திலும் பிரசவம் கற்று வந்தவர். 3000, 4000 பேருக்கு ஒருவராக மலை ஏறி இறங்குகிறார். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவையாவது வந்து உங்களையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் கடமை. அவர் தொலைபேசி எண்ணைச் சுவரில் கரியால் எழுதி வையுங்கள்.

லேபர் ரூமில் நீங்கள் கேட்கக்கூடியவை இருக்கின்றன. வலியின்போது ஒரு பெண் துணை உங்களோடு இருப்பது நல்லது. வலியும் குறையும், பிரசவ நேரமும் குறையும். இடவசதியைப் பொறுத்துச் சில ஆஸ்பத்திரிகளில் விடுவார்கள், சிலவற்றில் விடமாட்டார்கள். அடுத்த கிளினிக்கிலேயே, "துணைக்கு ஆள் வரலாமா?" என்று கேட்டு வையுங்கள். என்னைக் கேட்டால், அந்தப் பக்கத்து லயத்துப் பாட்டியைத்தான் கூட்டிப்போகச் சொல்வேன். இத்தனை பிரசவம் பார்த்த கை உங்கள் முதுகைத் தடவிக்கொண்டிருக்கட்டும். ஊசியும் இரத்தமும் பக்கத்து அறையில் இருக்கட்டும்.

படுத்தே கிடக்கவேண்டும் என்றில்லை. நடக்கலாம், உட்காரலாம், ஒருபக்கமாகப் படுக்கலாம். தாகத்துக்குக் குடிக்கலாமா என்று கேளுங்கள், சாதாரணப் பிரசவத்தில் தடையில்லை. கீழே வெட்டித் தைப்பது எல்லாருக்கும் செய்யவேண்டியதல்ல, தேவைப்பட்டால் மட்டும்தான். வயிற்றின் மேல் யாரும் ஏறி அழுத்தக்கூடாது. வலிக்கு ஊசி கிடைக்கும். பிள்ளை பிறந்ததும் நெஞ்சில் போடச் சொல்லிக் கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுங்கள். சீனித் தண்ணீர், தேன் தொட்டுச் சேனை வைப்பது வேண்டாம்.

அங்கே ஏசுவார்களோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் வரிகளுக்கு நடுவில் அது தெரிகிறது. சில இடங்களில் நம் பெண்களிடம் கடுமையாகப் பேசியதை நானே கேட்டிருக்கிறேன், வெட்கப்பட்டிருக்கிறேன். தமிழில் விளக்கம் கேட்பது உங்கள் உரிமை. "தெமலென் கியன்ன" என்றால் தமிழில் சொல்லுங்கள். அதோடு நாலு சொல் மனப்பாடம் செய்யுங்கள்: வலிக்கிறது என்பதற்கு "ரிதெனவா", பனிக்குடத் தண்ணீர் போய்விட்டது என்பதற்கு "வத்துர கியா", இரத்தம் போகிறது என்பதற்கு "லே யனவா", பிள்ளை அசையவில்லை என்பதற்கு "பபா ஹெல்லென்னே நே". இந்த நாலும் உயிர் காக்கிற சொற்கள்.

இனிப் புறப்படும் நேரம். பட்டணத்துப் பெண்ணுக்கு, வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரட்டும், பிறகு வா என்பார்கள். உங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டாம். வலி ஒழுங்காகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரத் தொடங்கினாலே கிளம்புங்கள். பொய்வலி என்று திருப்பி அனுப்பினால் அதில் அவமானம் ஒன்றுமில்லை. தண்ணீர் உடைந்தால், இரத்தம் கண்டால், பிள்ளையின் அசைவு குறைந்தால், தலை பிளக்கிற வலியோடு கண் மங்கினால், மேல்வயிறு கடுமையாக வலித்தால், காய்ச்சல் வந்தால், வலிக்காகக் காத்திருக்கவே கூடாது. நடுச்சாமம் என்றாலும் போங்கள்.

ஆடி மாதம் என்கிறீர்கள். தென்மேற்கு மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் எந்த வாகனமும் உதவாது. அதனால் நாளுக்குச் சில தினம் முன்பே வார்ட்டில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கிளினிக் டாக்டரிடம் கேளுங்கள். தூரம், உயரம், இரத்தம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம், ஆனால் உங்கள் மேடு ஏறிவர நேரம் எடுக்கும். ஆகவே தோட்டத்தில் த்ரீவீல் வைத்திருக்கும் இரண்டு பேரிடம் இப்போதே சொல்லி வையுங்கள், ஒருவர் இல்லாவிட்டால் மற்றவர். போனுக்குச் சிக்னல் எந்த வளைவில் கிடைக்கிறது என்று பாருங்கள். கர்ப்பிணி அட்டை, பிள்ளைத் துணி, கொஞ்சம் காசு எல்லாம் ஒரே பையில் கதவுக்குப் பக்கத்தில் தொங்கட்டும்.

நீங்கள் தோட்டத்தில் பெயர் போட்டு வேலை செய்பவர் என்றால், பிரசவச் சம்பளம் 12 கிழமைக்கு உண்டு. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே அளவுதான். ஆபீசுக்கு முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள்.

அடுத்த கிளினிக்குக்குத் தனியாகப் போகாதீர்கள், மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பிள்ளையின் இதயத் துடிப்பு சத்தமாகக் கேட்கிற கருவி அங்கே இருந்தால், அதை மாமி காதால் கேட்கட்டும்.