கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதி, கையைப் பற்றியவை. நகரி, புத்தூர், பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து வந்த நான்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் மகள் வயிற்றுப் பேரனுக்கு 6 வயது. மாந்தோப்பில் மரத்திலிருந்து விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. பக்கத்து ஊரில் ஒருவரிடம் பத்தை வைத்துக் கட்டிக்கொண்டு வந்தோம். ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுதான். "எலும்பு உடைஞ்சா வலிக்கத்தானே செய்யும்" என்றார் சம்பந்தியம்மா. எனக்கு மனசு கேட்கவில்லை. 3 மணிக்குக் கட்டை அவிழ்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பிள்ளை இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் நான் அவசரப்பட்டுவிட்டேன் என்று வீட்டில் இன்னும் பேச்சு. தப்பா ஐயா?
வாசகி, நகரி

தப்பே இல்லை அம்மா. நீங்கள் விடியும்வரை பொறுத்திருந்தால் நான் இப்போது வேறு மாதிரி பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே தட்டையாகி மெலிந்துவிடும். சின்னப் பிள்ளைகள் கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் உடைவது அந்த இடம்தான். அதற்கு முன்னால் ஒட்டினாற்போல் கைக்குப் போகிற பெரிய ரத்தக்குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அடுத்து முன்கை. அங்கே இருக்கிற சதைகளைச் சுற்றி நீட்டிக் கொடுக்காத கெட்டியான உறை இருக்கிறது, உள்ளே வீக்கம் ஏற ஏற அதற்கு இடமில்லாமல் அழுத்தம் கூடுகிறது, அதன் மேல் வெளியிலிருந்து ஒரு இறுக்கமான கட்டும் சேர்ந்தால் சதைக்குப் போகிற நுண்ணிய ரத்தக்குழாய்கள் நசுங்கிவிடுகின்றன. ரத்தம் போகாத சதை ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு மேல் தாங்காது. செத்த சதை திரும்ப முளைக்காது. தழும்பாகிச் சுருங்கி விரல்களை இழுத்துக்கொள்ளும். 1881லேயே ஃபோல்க்மன் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதை எழுதிவைத்துவிட்டார்.

பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பையனைக் கூட்டிவந்தார்கள். கட்டுப் போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அவன் மணிக்கட்டைக் கீழே மடக்கினால் விரல்கள் விரியும், மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல்கள் தானாகச் சுருண்டுகொள்ளும். வலது கை. அதற்குள் இடது கையால் சாப்பிடப் பழகியிருந்தான். அந்தக் கையை என்னால் மறக்க முடியவில்லை, அதனால்தான் எங்கே பேசினாலும் இதைச் சொல்கிறேன்.

புத்தூர்க் கட்டுக்கு வெளிமாநிலத்திலிருந்தெல்லாம் ஆள் வருகிற சீமை இது. கட்டு போடுகிறவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக் கட்டும் இறுகினால் இதே ஆபத்துதான். யார் கட்டியிருந்தாலும் கட்டுக்கு வெளியே தெரிகிற விரல்களைப் பாருங்கள். முதல் இரண்டு நாள் ராத்திரியும் எழுந்து பாருங்கள். நகத்தை அழுத்தி விட்டால் இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்ப வேண்டும். சுருண்ட விரலை நீங்கள் மெதுவாக நிமிர்த்தும்போது பிள்ளை துடித்தால், மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்துப் போச்சு என்றால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். நாடி துடிக்கிறதே என்றும் இருந்துவிடாதீர்கள். நாடி இருக்கும்போதே உள்ளே சதை சாகலாம். துணிக் கட்டு என்றால் தோல் தெரியும்வரை எல்லாச் சுற்றையும் தளர்த்துங்கள். கையை நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு, முழங்கையை மடக்கவோ நீட்டவோ முயலாமல் 108ஐக் கூப்பிடுங்கள், ஆந்திரப் பக்கமும் அதே எண்தான். மாவுக் கட்டு என்றால் அதைப் பிளக்க ஆஸ்பத்திரிக்கே ஓடுங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் பாலோ பிஸ்கட்டோ கொடுக்க வேண்டாம்.

அப்புறம், முழங்கை சரியாக நீள வேண்டும் என்று இப்போது எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். அடிபட்ட முழங்கையை உருவினால் சதைக்குள் எலும்பு வளர்ந்து மூட்டு இறுகிவிடும். அவனே விளையாடி விளையாடி நீட்டிக்கொள்வான்.

பைக் சறுக்கிக் கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, சுளுக்கு என்றார்கள். இரண்டு வாரம் ஆகியும் கட்டைவிரல் பக்கம் மணிக்கட்டு வலிக்கிறது. பைக் ஆக்ஸிலேட்டரைத் திருக முடியவில்லை.
வாசகர், பள்ளிப்பட்டு

தம்பி, கட்டைவிரலைப் பின்னால் நீட்டிப் பிடியுங்கள். அடியில் இரண்டு நரம்பு மாதிரிப் புடைத்துக்கொண்டு நடுவில் ஒரு குழி விழும், தாத்தாக்கள் மூக்குப்பொடி வைத்துக்கொள்வார்களே, அந்தக் குழி. அங்கே விரலால் அழுத்துங்கள். சுள்ளென்று வலித்தால் அது சுளுக்கு என்று விட்டுவிடக் கூடாது.

மணிக்கட்டில் இருக்கிற 8 சின்ன எலும்புகளில் ஒன்று ஸ்காஃபாய்டு, முந்திரிப்பருப்பு மாதிரி வளைந்திருக்கும். அந்தக் குழிக்கு அடியில் இருப்பது அதுதான். அதன் விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமலே போகலாம். 10 முதல் 14 நாள் கழித்துத் திரும்ப எடுத்தால் தெரியும், அப்போதும் சந்தேகம் என்றால் எம்.ஆர்.ஐ. இந்த எலும்புக்கு ரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்து முனையிலிருந்து பின்னோக்கித்தான் போகிறது. நடுவில் உடைந்தால் பின்பாதி பட்டினி கிடக்கும், ஒட்டாமலே போய்ச் சில வருஷத்தில் மணிக்கட்டே தேய்ந்துவிடும். உங்களுக்கு இரண்டு வாரம் ஆகிவிட்டது, இந்த வாரமே திருத்தணியோ திருப்பதியோ போய் எலும்பு டாக்டரிடம் காட்டுங்கள். போகும்வரை வண்டி ஓட்ட வேண்டாம்.

விசைத்தறி ஓட்டுகிறேன், வயது 45. ராத்திரி விரல் மரத்துப்போய் எழுந்து உதறினால்தான் தூக்கம் வருகிறது. அறுந்த இழையை முடிச்சுப் போட வரவில்லை. வாதமா?
வாசகி, பொதட்டூர்பேட்டை

சுண்டுவிரல் மரக்கிறதா என்று பாருங்கள் அம்மா. அதை விட்டுவிட்டு கட்டைவிரலும் அடுத்த இரண்டும், மோதிர விரலில் பாதியும் மட்டும் மரத்தால், மணிக்கட்டின் குறுகிய சுரங்கத்துக்குள் ஒரு நரம்பு நசுங்குகிறது என்று அர்த்தம். பக்கவாதத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரையும் தைராய்டும் பார்த்துவிடுங்கள், இரண்டும் இதைக் கொண்டுவரும். ஆனால் உங்களுக்கு முடிச்சு நழுவுகிறது என்பது எனக்குக் கவலையாக இருக்கிறது. கட்டைவிரல் அடிச்சதை வற்றுவதற்குள் டாக்டரைப் பாருங்கள், சின்ன ஆபரேஷனில் நரம்பை விடுவிக்க முடியும்.

இரண்டு வயதுப் பாப்பாவைக் கையைப் பிடித்துப் பஸ்ஸில் தூக்கி ஏற்றினேன். அப்போதிலிருந்து அந்தக் கையை அசைக்கவே மாட்டேன் என்கிறாள். வீக்கம் இல்லை.
வாசகர், புத்தூர்

முழங்கையில், முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்றான ஆரை எலும்பின் தலை, அதைப் பிடித்திருக்கும் நார் வளையத்திலிருந்து லேசாக நழுவியிருக்கும். டாக்டர் கையைத் திருப்பி மடக்கினால் சட்டென்று உட்கார்ந்துவிடும், பெரும்பாலும் கொஞ்ச நேரத்திலேயே அந்தக் கையால் பொம்மையை எடுப்பாள். நீங்களாகத் திருப்பிப் பார்க்காதீர்கள். இனிமேல் அக்குளில் கை கொடுத்துத் தூக்குங்கள்.